பிரேக் கருகும் வாசம்: கம்பம் மெட்டு அடிவாரத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மிளகாய் அரைக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார் என்று சொல்லித்தான் அவரை மனநல சிகிச்சை செய்கிற என்னிடம் கூட்டி வந்தார்கள். வயது 43. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேரள எல்லைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிறவர். விடியும் முன்னே தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, பொழுது சாய இறங்குகிற வேலை. கணவர் திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். அம்மாவைப் பற்றி அதிகம் பேசியது அவள்தான்.

அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தாயி என்றார். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

வந்த காரணம்

ஐந்து மாதத்தில் மூன்று தடவை. முதலாவது ஊர் மாவு மில்லில். முன்னால் நாலு வாளி காத்திருந்தது. மெஷினின் பெல்ட் வழுக்கிக் கிறீச்சிட்டது. அடுத்த நிமிடம் அக்காவுக்கு வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, ஓட வேண்டும் போலிருந்து, வாசற்படி வரை வந்து சரிந்திருக்கிறார். மிளகாய் வாளி கவிழ்ந்து தெருவெல்லாம் தும்மல். இரண்டாவது, லோயர் கேம்ப்பில் ஒரு டீக்கடை வாசலில். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார், ஐயப்ப சீசன். மூன்றாவது, சொந்தத் தெருவில் பக்கத்து வீட்டுப் பையன் பைக்கை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது.

"எதுக்குன்னே தெரியல தாயி. பயப்படறதுக்கு அங்க ஒன்னுமே இல்ல. கால் ரெண்டும் வெடவெடன்னு வருது, அம்புட்டுதேன்."

வீட்டில் பயந்த கோளாறு என்றார்கள். கோடாங்கியிடம் போயிருக்கிறார்கள். மெட்டு மலைச்சாலையில் அக்கா வந்த ஜீப் விபத்துக்குள்ளானபோது கூட இருந்து இறந்துபோன ஒரு வயதான அம்மா இவர்மேல் வந்து இறங்கியிருப்பதாக அவர் உடுக்கையடித்துச் சொல்லியிருக்கிறார். வேப்பிலை, திருநீறு, கறுப்புக் கயிறு எல்லாம் முடிந்துதான் என்னிடம் வந்தார்கள். கயிற்றை நான் கழற்றச் சொல்லவில்லை. மலையிலிருந்து ஏதோ ஒன்று இவரோடு இறங்கி வந்திருக்கிறது என்ற அளவில் கோடாங்கி சொன்னது சரிதான். அது என்ன என்பதுதான் இந்த ஆய்வு.

விபத்து

போன அக்டோபரில், காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயம், தோட்டத்திலிருந்து இறங்கிய ஜீப் கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு சரிந்தது. எதிர் சீட்டில் இருந்த வயதான அம்மா இறந்துபோனார். அக்காவுக்குத் தலையில் அடி, தோள்பட்டை எலும்பு முறிவு. ஸ்கேனில் மூளையின் முன்பகுதியில் சிறு ரத்தக் கன்றல். மூன்று நாள் ஆள் தெளிவில்லாமல் இருந்து, நாலாம் நாள் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

அவருக்கு நினைவிருக்கும் கடைசிக் காட்சி, ஸ்டோர் வாசலில் காய் எடை போட்டது. எடை குறைத்துப் போட்டதாக சூப்பர்வைசரிடம் சண்டை பிடித்திருக்கிறார். அதற்கடுத்த நினைவு, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மகளின் கண்ணாடி வளையல் சத்தம். நடுவில் ஒன்றுமே இல்லை. ஜீப்பில் ஏறியது, யார் பக்கத்தில் உட்கார்ந்தது, எப்படி விழுந்தது, எதுவும் இல்லை. பின்னால் தெரிந்துகொண்டதெல்லாம் பிறர் சொன்னதும், மகளின் போனில் சுற்றி வந்த உடைந்த ஜீப்பின் வீடியோவும்தான்.

முதலில் விலக்க வேண்டியவை

இதயத் துடிப்புப் பதிவு, தைராய்டு, சர்க்கரை மூன்றும் சரியாக இருந்தன. ரத்தம் குறைவு, ஹீமோகுளோபின் 9.8, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்தார்கள். எனக்கு உறுத்தலாக இருந்தது இன்னொன்று. தலையில் அடிபட்டவர்களுக்கு வலிப்பு வரலாம். மூளையின் பொட்டுப் பகுதியில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு கை காலை இழுக்காது. காரணமில்லாத திகிலாகவே வரும். அதற்கு முன்னறிவிப்பாகக் கருகிய ரப்பர் போல ஒரு நாற்றம் மூக்கில் அடிப்பதும் உண்டு. அங்கே கருகுவதற்கு எதுவுமே இருக்காது.

இதைக் கவனிக்காமல் மனதையே தோண்டிக்கொண்டிருந்தால் தப்பாகப் போயிருக்கும். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். மூளை மின்அலைப் பதிவு சாதாரணமாக வந்தது. அதைவிட முக்கியம், மூன்று சம்பவத்திலும் அக்கா நினைவு தப்பவில்லை, வெறித்துப் பார்க்கவில்லை, வாய் மெல்லவில்லை. வாசனை என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவும் இல்லை.

வாசனையைப் பற்றி நானும் கேட்கவில்லை. மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து இடம், நேரம், கூட இருந்தவர்கள், சாப்பிட்டது, கேட்ட சத்தம் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். மூக்குக்கு அதில் கட்டமே இல்லை. ஒரு வாரம் கழித்து மகள்தான் ஓரத்தில் எழுதியிருந்தாள்: "பைக் கிளட்ச் கருகுன நாத்தம், எனக்கே குமட்டுச்சு." நோட்டை மடியில் வைத்துக்கொண்டு முந்தைய இரண்டு இடத்தையும் யோசித்தேன். மில்லில் வழுக்கிச் சூடான பெல்ட். லோயர் கேம்ப் குமுளி மலைச்சாலையின் அடிவாரம். இறங்கி வருகிற லாரிகள் நிற்குமிடத்தில் சக்கரத்திலிருந்து என்ன வாசம் வரும் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அதே ஜீப்பில் வந்து பிழைத்த இன்னொரு பெண்ணைத் தேடிப் போனேன். வாசனை என்ற வார்த்தையை வாயில் எடுக்காமல், அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

"வளைவுக்கு ரொம்ப முன்னாடியே கருகுன வாடை வந்துருச்சு. டிரைவர்கிட்ட கேட்டதுக்கு, லைனர் சூடாகுது, ஒன்னும் ஆகாதுன்னான். ரெண்டு மூனு நிமிசம் அப்படியே வந்தோம். முதல்ல கத்துனது இவுகதேன். நிறுத்துடா, நிறுத்துடான்னு சீட்டைத் தட்டிக் கத்துனாக. அதுக்குள்ள வண்டி அவன் கையில இல்ல."

இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால், பிரேக்கில் உராய்கிற பட்டையான லைனர் சூடேறி, அதிலுள்ள பிசின் கருகும். ஓரளவுக்கு மேல் சூடானால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அந்த வாசம் ஆபத்தின் உண்மையான முன்னறிவிப்பு. அக்கா அதைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார். பிறகு அந்தப் புரிதல் அவர் நினைவிலிருந்து அழிந்துபோயிற்று.

ஐந்து பாட்டில்

ஊகத்தைச் சோதித்துப் பார்க்காமல் வைத்தியம் தொடங்க எனக்கு மனமில்லை. மருந்து பாட்டில் ஐந்து எடுத்தேன். ஏலக்காய், மண்ணெண்ணெய், கருகிய கடுகு, மில் பெல்ட்டின் ரப்பர், பிரேக் லைனர். அஸ்பெஸ்டாஸ் கலக்காத லைனர் துண்டாகக் கேட்டு வாங்கி, வெளியே தகரத்தில் வைத்துச் சூடாக்கி, எழும் வாசத்தில் பஞ்சைக் காட்டி, பஞ்சை மட்டும் பாட்டிலில் அடைத்தேன். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய ஆய்வகத்தில், பயத்தில் வேர்க்கும்போது மாறுகிற தோலின் மின்கடத்தும் திறனை அளப்பார்கள். என்னிடம் இருந்தது இதுதான்.

சம்மதம் வாங்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. "சில வாசனை காட்டுவேன், ஒன்றிரண்டு சங்கடமாக இருக்கலாம்" என்று முன்கூட்டிச் சொன்னால், எதிர்பார்ப்பே நாடியை ஏற்றிவிடும். சொல்லாமல் செய்வது தர்மமில்லை. சொன்னேன். எந்த வாசனை என்பதை மட்டும் சொல்லவில்லை.

உட்கார்ந்திருக்கும்போது நாடி 76. ஏலக்காய்க்கு முகம் மலர்ந்தது, எண் அசையவில்லை. மண்ணெண்ணெய், கடுகு இரண்டுக்கும் 80ஐத் தாண்டவில்லை. பெல்ட் ரப்பருக்கு 92. லைனருக்கு 108.

"இது என்ன வாசம்க்கா?"

"என்னமோ கருகுனது. துணி கருகுனாப்ல இருக்கு."

"பயமா இருக்கா?"

"இல்லியே."

சொல்லும்போது குரலில் பிசிறில்லை. இடது கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்த பிடியில் நகமெல்லாம் வெளுத்திருந்தது. வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, அங்கே ஒரு பிரேக் பெடல் இருப்பதுபோல. அவர் குனிந்து அதைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் என்னை அப்படி உலுக்கியது வேறெதுவும் இல்லை.

என் முகமே காட்டிக்கொடுத்திருக்கலாம் என்பதால் அடுத்த வாரம் பாட்டில்களின் வரிசையை உதவியாளர் முடிவுசெய்தார். நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணை மட்டும் குறித்தேன். லைனருக்கு 106.

இன்னொன்றையும் செய்தோம். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடாமல் நின்ற ஜீப்பில், பின்சீட்டில் உட்காரவைத்தேன். பயத்துக்குப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். "எட்டு. ஏறவே மாட்டேன்னுதான் இருந்தேன், நீ சொன்னதுக்காக ஏறுனேன்." நாடி 84. லைனர் வாசத்துக்கு அவர் சொன்ன பயம் பத்துக்கு ஒன்று, நாடி 108. வாய் சொன்னதும் உடம்பு சொன்னதும் தலைகீழாக இருந்தன.

இதில் எதை அறிந்தார், எதை அறியவில்லை

இதைக் கேட்ட நண்பர்கள் உடனே "அறியாமலே கற்ற பயம்" என்றார்கள். அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகப் பயன்படுத்த முடியாது என்பதற்காகவே இந்த நிகழ்வை எழுதுகிறேன்.

அறிதல் என்ற ஒரே சொல்லை மூன்று இடத்தில் போடுகிறோம். பாடம் பதிகிற நேரத்தில், இது வந்தால் அது வரும் என்று ஆளுக்குத் தெரிந்திருந்ததா என்பது ஒன்று. இன்றைக்கு அந்தத் தொடர்பை எடுத்துச் சொல்ல முடிகிறதா என்பது வேறு. தன் உடம்பில் இப்போது நடப்பதைத் தானே உணர்கிறாரா என்பது மற்றொன்று. அக்காவிடம் பின்னிரண்டும் இல்லை. முதலாவது இருந்தது. சாட்சி சொன்ன பெண்ணின் வாக்குமூலமே போதும்: "நிறுத்துடா" என்று கத்தியவர் அறியாமல் கற்றார் என்று எப்படிச் சொல்வது? முழு அறிவோடு கற்றார், நினைவை இழந்தார், கற்றது மிஞ்சியது. இழப்பு பின்னால் நடந்தது.

இந்தக் கலப்படம் பழையது. ஜெனீவாவில் எடுவார்ட் கிளாப்பரேட் என்ற மருத்துவர் 1911ல் எழுதிய குறிப்பைப் பாடப்புத்தகங்கள் விடாமல் சொல்லும். புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு பெண்ணிடம், கைக்குள் ஊசியை மறைத்துக்கொண்டு கை குலுக்கினார். குத்திற்று. அடுத்த முறை கை நீட்டியபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அவளும் குத்திய நொடியில் வலியை அறிந்தவள்தான். மறந்ததைக் காட்டும் கதை அது. அறியாமல் கற்றதாக அதை வைத்துச் சொல்ல முடியாது.

1995ல் அமெரிக்காவின் அயோவாவில் அன்டோனியோ டமாசியோவின் குழுவினர் மூன்று நோயாளிகளிடம் செய்தது இன்னும் நெருக்கமாக வருகிறது. நிற அட்டை ஒன்றைக் காட்டி, கூடவே காதைத் துளைக்கும் கப்பல் ஊதல். மூளையில் அமிக்டலா என்ற பாதாம் பருப்பு வடிவப் பகுதி இருபுறமும் சிதைந்திருந்தவர், எந்த நிறத்தோடு ஊதல் வந்தது என்பதைப் பிசகாமல் சொன்னார், தோலில் மட்டும் எதிர்வினை இல்லை. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சிதைந்திருந்தவருக்குத் தோல் எதிர்வினை காட்டியது, எந்த நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் சிதைந்தவரிடம் இரண்டும் இல்லை. விஷயத்தைத் தெரிந்துவைப்பதும் உடம்பு எச்சரிக்கையாவதும் மூளையில் வேறு வேறு கை வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அக்காவின் ஜீப்பும் லைனரும் ஒரே ஆளுக்குள் அந்த இரண்டு நோயாளிகளைப்போல நிற்கின்றன என்று தோன்றியது. ஒப்புமையை அதற்குமேல் இழுக்க மாட்டேன்; அவர் மூளையில் இந்த இரண்டு பகுதியிலும் ஸ்கேன் சேதம் காட்டவில்லை.

ஜீப் மீதான பயம் எங்கிருந்து வந்தது? விபத்திலிருந்து என்று சொல்லத் தோன்றும். அவருக்கு விபத்தே நினைவில்லை. வீடியோ நினைவிருக்கிறது, ஊரார் பேச்சு நினைவிருக்கிறது. பயத்தைச் சொல்லிக் கேட்டே கற்க முடியும். 2001ல் எலிசபெத் பெல்ப்ஸ் குழுவினர் "இந்த நிறம் வந்தால் மின்அதிர்ச்சி கிடைக்கலாம்" என்று சொன்னதோடு சரி, ஒருவருக்கும் அதிர்ச்சி கொடுக்கவில்லை. அந்த நிறத்துக்கு உடம்பும் எதிர்வினை காட்டியது, இடது அமிக்டலாவும் கிளர்ந்தது. ஆக, ஜீப் பயம் மூளைக்குச் சொல்லப்பட்ட பயம். வாசத்தைப் பற்றி அவரிடம் யாரும் பேசியதாக வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. தெளிவில்லாமல் கிடந்த அந்த மூன்று நாளில் கட்டிலருகே பேசிய பேச்சு காதில் விழுந்திருக்கலாம் என்ற ஓட்டை மட்டும் இருக்கிறது. அதை என்னால் அடைக்க முடியாது.

மூக்குக்கு இதில் தனி இடம் உண்டு. பார்ப்பதும் கேட்பதும் தாலமஸ் என்ற இடைநிலையத்தில் இறங்கித்தான் மேலே போக வேண்டும். வாசனைக்கு அந்த நிறுத்தம் இல்லை. மூக்கின் நரம்பு முடிச்சிலிருந்து அமிக்டலாவுக்கு நேர்வழி இருக்கிறது. பேர் தெரியும் முன்பே கால் தரையை அழுத்துவதற்கு அது இடம் கொடுக்கிறது.

நேரக் கணக்கும் பொருந்தியது. 1998ல் ராபர்ட் கிளார்க்கும் லாரி ஸ்குவையரும் கண்ணிமைப்புப் பரிசோதனை செய்தார்கள். ஒலி தொடர்ந்து ஒலிக்கும்போதே காற்று கண்ணில் ஊதப்பட்டால், நினைவிழப்பு நோயாளிகளும் மற்றவர்களைப்போல் கற்றார்கள். ஒலி நின்று, சிறு இடைவெளி விட்டு ஊதினால் அவர்களால் கற்க முடியவில்லை. இந்த இரண்டாம் முறையில் நல்ல நினைவுள்ளவர்களிலும் தொடர்பைப் புரிந்துகொண்டவர்களே கற்றார்கள். ஜீப்பில் வாசம் நிற்கவே இல்லை. மோதுகிற நொடி வரை மூக்கில் இருந்தது.

உண்மையிலேயே அறியாமல், முதலிலிருந்தே அறியாமல், ஒருவர் பயத்தைக் கற்க முடியுமா? கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் படத்தைக் காட்டி மறைத்து எத்தனையோ பரிசோதனை செய்திருக்கிறார்கள். 2020ல் மெர்ட்டென்ஸ், எங்கல்ஹார்ட் இருவரும் அந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசி, நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடித்தார்கள். பல ஆய்வில் "தெரியவில்லை" என்பதை அளந்த விதமே பலவீனம். பரிசோதனை முடிந்து ஒரு கேள்வி கேட்டு, பதில் சொல்லாதவரை அறியாதவர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். கேட்பதற்குள் மறந்திருக்கலாம், உறுதியில்லாமல் வாயை மூடியிருக்கலாம். என் நோட்டில் மூக்குக்குக் கட்டமே இல்லாததும் இதே பிழைதான். கேள்வியில்லாத இடத்தில் அறியாமையைப் பார்த்தேன்.

சிகிச்சைப் பக்கத்தில் அக்காவைப்போல நிறைய பேர் உண்டு. 2000ல் ரிச்சர்ட் பிரையன்ட் குழுவினர் கடுமையான தலைக்காயப்பட்ட 96 பேரைப் பார்த்ததில் 26 பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. அந்த 26ல் விபத்துக் காட்சி நினைவில் வந்து மோதுவதாகச் சொன்னவர்கள் 5 பேர். விபத்தை நினைவூட்டும் எதையாவது கண்டால் மனம் கொதித்தவர்கள் 25 பேர். "நினைவே இல்லை, அப்புறம் என்ன பயம்" என்று விபத்துக் கேஸ்களில் இன்றைக்கும் கேட்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், சொல் பற்றியது. எலிகளின் பயத்தை அமிக்டலா வழியாகத் தடம்பிடித்துக் காட்டியவர் ஜோசப் லெடூ. அவரே பின்னாளில், அமிக்டலாவின் வேலையைப் பயம் என்று அழைப்பது தவறு, ஆபத்துக்கு உடம்பு தயாராவது வேறு, பயம் என்று உணர்வது வேறு என்று எழுதினார். தோட்டத்து சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிடும்போதெல்லாம் போனில் "பேடிக்கண்டா சேச்சி" என்பாராம், மலையாளத்தில் "பயப்படாதீங்க அக்கா" என்று. அக்கா சொன்னார்: "அவுக பேடிக்கண்டாங்கறாக. எனக்குப் பேடியே இல்ல தாயி, ஒடம்புதேன் பேச்சைக் கேக்க மாட்டேங்குது." லெடூ சொன்னதை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

சிகிச்சை

பத்து அமர்வு. ஏற்கெனவே ஒரு கிளினிக்கில் தூக்கத்துக்குக் கொடுத்திருந்த மாத்திரையை மனநல மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

மூன்றாம் அமர்வில் விஷயத்தைச் சொன்னேன். பாட்டிலைத் தூரத்தில் வைத்துவிட்டு, கூட வந்த பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். வாசம் வந்தது, டிரைவர் கேட்கவில்லை, நீங்கள்தான் முதலில் கத்தினீர்கள்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நானா கத்துனேன்?" என்றார். திரும்பவும், "நான் கத்துனேனா தாயி?"

ஐந்து மாதமாக அவர் வேறொரு கதையை மனதில் வைத்திருந்தார். தான் தூங்கிப்போயிருப்போம், எதிர் சீட்டு அம்மா செத்துப்போக, தான் ஒன்றும் தெரியாமல் பிழைத்துக் கிடந்தோம். அந்த அம்மாவின் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறார். துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை. அன்றைக்கு என் அறையில் அழுத அழுகை ஐந்து மாதத்து அழுகை. அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அறிதலுக்கு இங்கே வேலை இருந்தது, பெரிய வேலை. உடம்பின் எதிர்வினையை அது தொடவில்லை. அடுத்த வாரம் லைனருக்கு நாடி 101. என்ன வாசம், ஏன் வருகிறது, ஆபத்தில்லை என்று மூன்றையும் தெளிவாகச் சொல்லிக்கொண்டே இருந்தவருக்கு 101. ஆனால் சரிந்து விழுவது அன்றோடு நின்றது. படபடப்பைக் கண்டு பைத்தியமோ, பேயோ என்று அஞ்சிய இரண்டாவது பயம்தான் அவரைத் தள்ளி விழவைத்துக்கொண்டிருந்தது.

ஜீப் பயம் பேச்சிலும் படிப்படியான பழக்கத்திலும் சீக்கிரம் இறங்கியது. வாசத்துக்கு வேறு வழியில்லை, திரும்பத் திரும்ப முகர்ந்துதான் ஆக வேண்டும். 99, 90, 86. நான் சந்தோஷப்பட்டு லோயர் கேம்ப்புக்குக் கூட்டிப்போனேன். இறங்கிவந்து நின்ற முதல் லாரியிலேயே 103. பழக்கத்தால் பயம் அழிவதில்லை. பழைய பாடத்தின் மேல் புதுப் பாடம் ஏறுகிறது, அந்தப் புதுப் பாடம் கற்ற அறையை விட்டு வெளியே வரத் தயங்கும். இது தெரிந்திருந்தும் அவசரப்பட்டது என் தவறு. அதன்பிறகு மில், தெரு, டீக்கடை, மலைச்சாலை ஓரம் என்று இடம் மாற்றி மாற்றிச் செய்தோம். பத்தாவது அமர்வில், சாலையோரத்தில், 84.

ஒன்று எனக்கு உறக்கம் கெடுத்தது. அந்த வாசம் மலை இறக்கத்தில் உண்மையான ஆபத்து. அதை முழுவதும் மரத்துப்போகச் செய்துவிட்டு, ஆளுக்குமேல் ஆள் ஏற்றுகிற ஜீப்பில் அவரை மறுபடி அனுப்புவதற்கா இத்தனையும்? அக்காவிடமே கேட்டேன். "மில்லுல வந்தா சும்மா இருக்கணும். மெட்டுல வந்தா கத்தணும்" என்றார். அதையே இலக்காக எழுதிக்கொண்டோம். கடைசி இரண்டு அமர்வில் வாசம் வந்ததும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளப் பழகினார்: நான் இறக்கத்தில் இருக்கிறேனா? வண்டியில் இருக்கிறேனா?

பின்தொடர்வு

ஆகஸ்டில் காய் எடுப்பு தொடங்கியதும் மலைக்குப் போக ஆரம்பித்தார். வேறு ஜீப், வேறு டிரைவர். உட்கார இடமில்லாத வண்டியில் ஏறுவதில்லை என்று வைத்துக்கொண்டார். அதனால் இரண்டு நாள் கூலி போயிருக்கிறது.

செப்டம்பரில் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு சாயங்காலத்தைப் பற்றிச் சொன்னார். இறக்கத்தில் வாடை வந்திருக்கிறது. சீட்டைத் தட்டி நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இந்த டிரைவர் நிறுத்தினார். சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியாத சூடு. அரைமணி நேரம் எல்லோரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கடுங்காப்பியைப் பங்கு போட்டுக் குடித்துவிட்டு, முதல் கியரில் மெதுவாக இறங்கியிருக்கிறார்கள்.

"வாசம் வந்ததும் தெரிஞ்சதாக்கா? இல்ல நெஞ்சு அடிச்சப்பறம் தெரிஞ்சதா?"

யோசித்துத்தான் சொன்னார்.

"கால் தாயி. கால் பலகைய அமுக்கிக்கிட்டு இருந்துச்சு. என்னடா இதுன்னு குனிஞ்சு பாத்தேன். அப்பறந்தேன் வாடையே மூக்குல ஏறுச்சு."